எலியண்ணை வீட்டுக்கு வந்த மாரி

கார்த்திகை வெள்ளம் வடிந்த செவ்வாய்க்கிழமை காலை, கஜனி போனில் வரைந்த எலி கண்டாவளையில் உள்ள அவளுடைய வீட்டுக்கு நடந்து வந்து, விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் உயரம். கறுப்புக் கோடுகளால் வரைந்த உடம்பு, சிவப்புக் காற்சட்டை, காதுவரை சிரிப்பு. பக்கவாட்டில் பார்த்தால் கடதாசி போலத் தட்டை. அன்று கிளிநொச்சிச் சந்தையில் பச்சைமிளகாய் விலை ஏறியிருந்தது. அயலில் இரண்டு செய்தியையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள்.

எலிமூத்திரம் கலந்த வயல் தண்ணீரால் எலிக்காய்ச்சல் பரவத் தொடங்கிய நாட்களில், சும்மா பகிடிக்குத்தான் அவள் அதை வரைந்து எலியண்ணை என்று பெயர் வைத்தாள். "மச்சான், செருப்பில்லாமலே வயலுக்க இறங்கு, நான் உள்ளதான் நிக்கிறன்" என்று படத்தில் அது சொல்லும். கனடாவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பகிர்ந்தார்கள். செத்தவீடு நடந்த தெருக்களில்கூடச் சிரித்தார்கள். பயந்து பயந்து களைத்த சனம், பாவம், சிரிக்க ஒன்று கிடைத்தால் விடுமா? சுகாதாரப் பரிசோதகர் தடுப்பு மருந்துக் குளிசை கொண்டுவந்தபோது, கஜனியின் புருஷன் செந்தூரன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "எங்கட எலியண்ணை எனக்கு ஒண்டும் செய்யமாட்டார்" என்றான்.

எலி வந்த அன்று பின்னேரமே அவனுக்குக் காய்ச்சல் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள் கஜனி. மாமியார் நாகேஸ்வரி விடவில்லை. அம்மாள் வருத்தமான அம்மை கண்ட வீட்டில் எப்படி நடப்பதென்று அவருக்குத் தெரியும்: வாசல் படலையில் வேப்பிலை கட்ட வேண்டும், மருந்து காட்டக்கூடாது, வந்தவரின் மனம் நோகக்கூடாது. "வீடு தேடி வந்திருக்கிறார், பிள்ளை. மரியாதையா வச்சிருந்தால் தானாப் போவார்." அம்மை வேறு, இது வேறு என்று கஜனிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தன் கையால் வரைந்தது தன் புருஷனைக் கொல்லும் என்று எவளுக்குத்தான் நினைக்க வரும்? வேப்பிலை கட்டினாள். எலிக்கு இளநீர் கொடுத்தாள். அது செந்தூரனின் கால்மாட்டில் குட்டிக்கரணம் அடித்தது. கெண்டைக்கால் நோவில் முனகிக் கிடந்தவன் வாய்விட்டுச் சிரித்து, "அம்மா, இவரைப் பாருங்கோவன்" என்றான். அவன் கண்கள் சிவந்து, பிறகு மஞ்சளானபோது, நாகேஸ்வரியே தலையில் அடித்துக்கொண்டு ஓட்டோ பிடிக்க ஓடினார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

செந்தூரனின் செத்தவீட்டிலும் எலி சிரித்துக்கொண்டே நின்றது. சனம் ஏசியது. அது என்ன செய்யும், அதற்கு வேறு முகம் வரையப்படவில்லை. கஜனி அறைக்குள் போய், போனை எடுத்து, அதன் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரைந்து போட்டாள். வெளியே எலியின் கன்னம் நனைந்தது. அந்தப் படத்துக்குத்தான் முந்திய எல்லாவற்றையும்விடக் கூடச் சிரிப்பு விழுந்தது. அவள் எல்லாப் படங்களையும் அழித்தாள். எலி அழியவில்லை. ஊர் உலகத்துப் போன்களில் எல்லாம் அது இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து உறவுகள் போனதும், நாகேஸ்வரி வீடு கூட்டும் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு எலியை அடிக்கப் போனார். கஜனி குறுக்கே நின்றாள்.

"விடுங்கோ மாமி. அவரைக் கடைசியாச் சிரிக்க வச்சது இதுதான்."

நாகேஸ்வரி தும்புத்தடியைப் போட்டுவிட்டு, எலிக்குப் பக்கத்திலேயே நிலத்தில் உட்கார்ந்து அழுதார். அடுத்த போகம் விதைத்து, வெட்டியும் ஆயிற்று. எலி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. மத்தியானத்தில் கஜனி மூன்று பேருக்குச் சோறு போடுகிறாள்.