கருவாட்டுத் திடலில் ஒரு குடிசை

தாராவியில் கழிமுகத்தை ஒட்டிய திடலில் கணேசபாண்டியன் குடிசை போட்டபோது ஆனி மாதம். சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மழை கொட்டியது, திடலில் ஈ, காக்கை இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று, தோல் பதனிடும் கம்பெனியில் வேலை பார்த்த அந்தத் திருநெல்வேலிக்காரன் முடிவு கட்டிவிட்டான்.

கோளி மீனவர்கள் மழைக்காலத்தில் கடலுக்குப் போவதில்லை. ஆவணிப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் விட்ட பிறகுதான் படகு இறங்கும். அதற்குப் பிறகு இந்தத் திடல் முழுக்கக் கருவாடு காயும். இது அவனுக்குத் தெரியாது.

பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்னால் கருவாடு காயப்போடப் பந்தல் கட்ட மூங்கில் கம்புகளோடு வந்த மீனவர்கள், திடலின் நடுவே ஒரு குடிசையையும் அதன் வாசலில் எட்டு மாத வயிற்றோடு நின்ற அவன் மனைவி பூமாரியையும் பார்த்தார்கள். சத்தம் போடவில்லை. "ஞாயித்துக்கிழமை எங்க ஜமாத், ஊர்ப் பஞ்சாயத்து, கூடும். புருஷனைக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அவங்க பஞ்சாயத்து நம்மள என்னட்டி செய்யும்? சர்க்காரே நம்ம சர்க்கார் ஆயாச்சு" என்றான் கணேசபாண்டியன். மாதுங்காவில் ஒரு குமாஸ்தாவைப் பிடித்து மனு எழுதி, மூன்று மாதம் அங்கேயே இருக்கலாம் என்று ஓர் அதிகாரியின் உத்தரவையும் வாங்கி வந்துவிட்டான்.

"கம்பு நடுறதுக்கு முன்ன அக்கம்பக்கம் கேளுங்கன்னு சொன்னேம்லா. கேட்டியளா?" என்றாள் பூமாரி.

ஞாயிற்றுக்கிழமை மீனவர் குடியிருப்பான கோளிவாடாவில் கோயில் முன்பு வீட்டுக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ராகோ பாட்டீல். அவர் பக்கத்தில் ஹிராபாய். அந்த வட்டாரத்துக்கே பிரசவம் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். பேச்சு பம்பாய் இந்தியில் நடந்தது.

கணேசபாண்டியன் உத்தரவை நீட்டினான். பாட்டீல் அதைத் தொடவில்லை.

"நல்ல காகிதம். இதைக் காட்டினா போலீஸ் உன் பக்கம் நிக்கும். தாராளமா இரு. ஆனா எங்ககிட்ட எதுக்கும் வராதே."

"வலி எடுத்தா அந்தக் காகிதத்தையே கூப்பிடு" என்றாள் ஹிராபாய். "அதுக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா?"

கூட்டம் சிரித்தது. கணேசபாண்டியன் முகம் கறுத்தது.

பாட்டீல் ஒன்றுதான் கேட்டார். "கம்பு நடறதுக்கு முன்னால யாரைக் கேட்டே?"

"அப்ப நல்ல மழை சேட், வாடகைக்கு ரூமும் கிடைக்கல..." என்று அவன் ஆரம்பித்தான்.

"யாரையும் கேக்கல" என்றாள் பூமாரி. "தப்புதான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரராகப் பேசினார்கள். இரண்டு பேர் அடியோடு போகச் சொன்னார்கள். மற்றவர்கள் ஒப்பவில்லை. தீர்ப்பு இதுதான்: குடிசை திடலை விட்டு, படகுக் கொட்டகைக்குப் பின்னால் போக வேண்டும். அபராதம், பௌர்ணமிக்கு ஒரு தேங்காய். உத்தரவை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கணேசபாண்டியன் காகிதத்தைப் பார்த்தான். அரைநாள் சம்பளத்தை விட்டு, வரிசையில் நின்று வாங்கியது. பிறகு பூமாரியின் வயிற்றைப் பார்த்தான்.

"நாளைக்கே குடுத்துடுதேன்" என்றான்.

மறுநாள் மாலை மீனவர்கள் எட்டுப் பேர் வந்து கம்புகளைப் பிடுங்கி, குடிசையைக் கூரையோடு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். படகுக் கொட்டகைக்குப் பின்னால் இறக்கப் போனபோது ஹிராபாய் அருகிலிருந்த தன் வீட்டிலிருந்து கத்தினாள்.

"இறக்காதீங்க! வாசலை என் வீட்டுப் பக்கம் திருப்புங்க. அவ கூப்பிட்டா என் காதுல விழணும்."

திருப்பி வைத்தார்கள்.