செய்யி

விடியும்போதே பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது.

திருப்பதிப் பக்கம், சந்திரகிரியைத் தாண்டி, நெடுஞ்சாலையோரம் நிற்கிறது அந்தத் தகரக் கொட்டகை. லாரிகள் இரவெல்லாம் கொட்டிய பார்சல்கள் பெல்ட்டில் நகர்ந்து வரும். செல்போன், புடவை, மிக்ஸி, யார் வீட்டுக்கோ போகிற மாங்கூழ் டப்பா. ஸ்கேனர் கீச்சிடும். ஊரைப் பார்த்து அந்தந்த மூட்டையில் எறிய வேண்டும். அட்டைத் தூசி தொண்டைவரை இறங்கும். டேப் விளிம்பு விரலைக் கீறும்.

துர்காதேவியும் யமுனாவும் எதிரெதிரே நின்றார்கள். இருவருக்கும் ஊர் வெதுருகுப்பம். வருவதும் ஒரே ஷேர் ஆட்டோவில்.

"இன்னாக்கா, காணிப்பாக்கத்துப் பார்சலைத் திருமலை மூட்டைல போடற? புள்ளையாரு கோச்சிக்கப் போறாரு," என்றாள் யமுனா.

அப்போதுதான் ஒரு பெரிய பெட்டி உருளைகளுக்கு நடுவே சிக்கியது. கோடியில், ஸ்விட்ச் பலகை முன்னால் இருந்த ஜெயச்சந்திரன் பெல்ட்டை நிறுத்தினான். நடுவில் மூட்டைக் குவியல். அங்கிருந்து இவர்கள் அவன் கண்ணில் படமாட்டார்கள்; குரல்தான் கேட்கும்.

முன்பு பெல்ட்டை ஒட்டி ஒரு சிவப்புக் கயிறு ஓடியது. கையை உள்ளே விடுகிறவர் அதை இழுத்துவிட்டால், விடுவிக்கும்வரை எந்தப் பொத்தானுக்கும் பெல்ட் அசையாது. தீபாவளி நெரிசலில், "சும்மா சும்மா இழுக்கறீங்க" என்று மேனேஜர் கோபிகிருஷ்ணன் அதைக் கூரைக் குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

யமுனா பெட்டியை இழுத்தாள். பெட்டி வந்தது. கை வரவில்லை. சட்டைக் கை உருளையில் மாட்டியிருந்தது.

துர்காதேவி அலறினாள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவள். பதற்றத்தில் எந்த மொழி முந்தும் என்று யார் கண்டது?

"செய்யி... செய்யி..."

தெலுங்கில் அது கை. ஜெயச்சந்திரன் காதில் தமிழாக விழுந்தது. செய் என்கிறாள், பெட்டி வந்துவிட்டது, பெல்ட்டை ஓட்டச் சொல்கிறாள் என்று நினைத்தான். பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டான்.

யமுனாவைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விரல்களைப் பற்றி டாக்டர் இன்னும் வாய் திறக்கவில்லை.

மதியத்துக்குள் கோபிகிருஷ்ணன் எல்லாரையும் கூட்டினார். பெல்ட்டைக் கழுவியிருந்தார்கள்.

"லேபர் ஆபீசர் வராரு. ஜெயச்சந்திரன் பேச்சு புரியாம ஸ்விட்ச் போட்டுட்டான். அவ்ளோதான் சொல்லணும். அவனை நிறுத்தியாச்சு. மத்தவங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

சுவரோரம் குந்தியிருந்த ஜெயச்சந்திரன் நிமிரவில்லை. "நான்தான் போட்டேன் சார்," என்று மட்டும் சொன்னான்.

துர்காதேவி முன்னால் வந்தாள். வாயை மூடிக்கொண்டால் பழி அவனோடு போய்விடும். கயிறு கூரையிலேயே இருக்கும். நாளைக்கு இன்னொருத்தி கையை விடுவாள்.

"கத்தினது நானு சார். அவன் காதுல தப்பா வுழுந்துச்சி. கயிறு கீழ இருந்தா நான் இன்னா கத்தினா இன்னா? பெல்ட்டு ஓடியிருக்குமா?"

"கயித்துப் பேச்சு இப்ப எதுக்கும்மா?"

"யமுனா கேப்பாளே சார்."

"அப்ப நீயும் அவன்கூட நடையைக் கட்டு."

மூட்டை தைக்கும் பச்சையப்பன் போய் ஏணியைத் தூக்கி வந்து குழாயடியில் சாத்தினார்.

"இன்னாய்யா பண்ற?"

"முடிச்சை அவுக்கறேன் சார். நீங்க போட்டதாச்சே, கெட்டியாத்தான் கீது."

கயிறு கீழே விழுந்தது. துர்காதேவி அதைப் பற்றி இழுத்தாள். கோபிகிருஷ்ணன் விறுவிறுவென்று போய்ப் பச்சைப் பொத்தானைத் தானே அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பெல்ட் அசையவில்லை.

"விடும்மா கயித்தை. வெளிய லாரி நின்னுக்கினு கீது."

"நிக்கட்டும் சார். ஆபீசர் வந்து பெல்ட்டையும் பாக்கட்டும், கயித்தையும் பாக்கட்டும். ஜெயச்சந்திரனும் இங்கியேதான் நிப்பான்."

அவள் கைக்குப் பக்கத்தில் பச்சையப்பன் கை வந்தது. அப்புறம் லட்சுமம்மா கை, ரமணா கை. கயிற்றின் நீளத்துக்கும் கைகள். டேப் கீறிய கைகள். சுவரோரம் ஒருவன் மட்டும் மிச்சமிருந்தான்.

துர்காதேவி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"செய்யி," என்றாள்.

எந்த மொழி என்று ஜெயச்சந்திரன் யோசிக்கவில்லை. எழுந்து வந்து கயிற்றைப் பிடித்தான். வெளியே லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.