மார் படா

போரில் காயம்பட்டவருக்கு ஓய்வூதியம் கொடுக்க ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: அடித்தது யார்? எதிரி என்றால் உண்டு. கூட இருந்தவன் என்றால் குடித்துவிட்டுப் போட்ட சண்டை, ஒன்றும் கிடையாது. இவ்வளவு எளிமையான ஏற்பாட்டை டெல்லியில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு எட்டு வருடமாகப் புரிந்துகொள்ள முயன்றது.

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு அழகர்சாமியின் வலது கை போனது. ஆஸ்பத்திரியில் குமாஸ்தா என்ன ஆயிற்று என்று இந்தியில் "க்யா ஹுவா?" எனக் கேட்டபோது, மேலூர்க்காரரான அவர் "அடிபட்டது" என்பதை அப்படியே இந்திக்கு மாற்றி "மார் படா" என்றார். தமிழில் குண்டு பட்டாலும் அடிபட்டதுதான். இந்தியில் காயத்துக்கு "சோட் லகீ" என்று சொல்ல வேண்டும். "மார்" என்றால் உதை. கூட இருந்தவனிடம் உதை வாங்கியவர் என்றே எழுதி, ஓய்வூதியத்தை மறுத்தார்கள். உதைத்துக் கையைத் தோளோடு பிய்க்க முடியுமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

அதே போரில் காலை இழந்தவர் ஜோதிலிங்கம். தன் ஓய்வூதியத்துக்காக விதிகளைப் படிக்கத் தொடங்கி, பிறகு மற்ற வீரர்களுக்காக வாதாடுவதையே வேலையாக்கிக்கொண்டார். குடியரசு தினத்தன்று அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடும் அதிகாரிகள், மறுநாள் வராந்தாவில் நிற்க வைப்பார்கள்.

அழகர்சாமியை மேல்முறையீட்டுக்கு அழைத்துப் போகும்போது, டெல்லி ஆர்.கே.புரம் பஸ்ஸில் அவர் பாடம் நடத்தினார்.

"கேட்டா என்ன சொல்லணும்?"

"சோட் லகீ, அண்ணே."

"மார்னு வாயத் தொறந்த, இருக்குற கையையும் ஒடிச்சிருவேன்."

"அதுக்கும் பென்சன் கெடையாதுண்ணே. கூட இருந்தவன் அடிச்சதாச்சே."

குழுத் தலைவர் எல்லையை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர். பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, "க்யா ஹுவா?" என்றார்.

அழகர்சாமி விறைப்பாக நின்றார். படித்த பாடம் பறந்துவிட்டது. "மார் படா, சாப்."

ஐந்து பேரும் சிரித்தார்கள். தலைவர் ஃபைலை மூடப் போனார். ஜோதிலிங்கம் அதன்மேல் கையை வைத்து, யார் அடித்தது என்று மட்டும் கேளுங்கள் என்றார்.

விளையாட்டாகத்தான் கேட்டார் தலைவர்: "கிஸ்னே மாரா?"

"பாகிஸ்தான், சாப். தோப் ஸே."

தோப் என்றால் பீரங்கி. அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. சிரிப்பு நின்றது. தலைவர் பேனாவைத் தேடினார். தலைவரின் கூர்மையான விசாரணையால் உண்மை வெளிப்பட்டது என்று தீர்ப்பில் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் அழகர்சாமிக்குப் பொறுக்கவில்லை. "அந்தாளு கண்டுபிடிச்சானாம்ல?"

"எழுதிக்கட்டும்டா. கையெழுத்துப் போட்டுட்டான்ல? நாளைக்கு இராஜமாணிக்கம் கேசு. கண்ணிவெடில கால் போனவன, தடுக்கி விழுந்தான்னு எழுதி வச்சிருக்கானுக."