ஆருக்கு வந்த பெனியன்

அறுபத்திரண்டாம் ஆண்டு கார்த்திகை மாதம் தில்லைநாதனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அவன் சரக்குக் கப்பலில் வேலை. கொழும்பில் இறங்கிய கூட்டாளி ஒருவன் யாரிடமோ கொடுத்து, அவர் இன்னொருவரிடம் கொடுத்து, கடைசியில் கிளிநொச்சிக்கு வந்த லொறிக்காரர் ஒருவர் அதை முரசுமோட்டையில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கடிதம் ஏதும் இல்லை. எழுதுவதென்றால் தில்லைநாதனுக்குப் பஞ்சி, பெரிய சோம்பல் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சணல் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரேயொரு சட்டை. சாம்பல் நிறம், முழுக்கை. ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது, மறுபக்கம் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தது. முன்னால் திறப்பில்லை, தெறி பொத்தான் எதுவும் இல்லை. கழுத்திலும் கையிலும் இடுப்பிலும், இழுத்தால் இழுபட்டு விட்டால் சுருங்குகிற பட்டி. அவன் மனைவி விமலேஸ்வரி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எது உள், எது வெளி என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. ஆம்பிளை உடுப்பா பொம்பிளை உடுப்பா என்பதும் தெரியவில்லை.

"மொத்தப் பெனியன், நல்ல தடிப்பு," என்றார் மாமா இளையதம்பி.

மகன் தகப்பனுக்குத்தான் அனுப்பியிருக்கிறான் என்று மாமி அன்னபாக்கியம் ஒரேயடியாகச் சொல்லிவிட்டா. விமலேஸ்வரிக்கு அது சரியாகப் படவில்லை. கலியாணம் முடித்து நாலு மாதம் கூடியிருந்துவிட்டுக் கப்பலேறியவன் அவன். தகப்பனுக்கென்றால் இடுப்பில் உடுக்க ஒரு சாரம் அனுப்பியிருப்பான், ஒரு சால்வை அனுப்பியிருப்பான். இந்த வெயிலுக்குள் இப்படி ஒன்றை ஏன் அனுப்ப வேண்டும்? குளிர் தேசத்துக்குப் போகப்போகிற ஒருவருக்குத்தானே இது தேவை? அந்த நினைப்பு வந்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வந்த நினைப்புப் போகவில்லை.

மாமா அதைத் தலைவழியே போட்டுப் பார்த்தார். கைகள் இரண்டும் மேலே நிற்க, தலை உள்ளே சிக்கி, முற்றத்தில் நின்று தடுமாறினார். மாமியும் மருமகளும் சேர்ந்து இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்தவர், "பிள்ளை, இதை முன்னால வெட்டித் தெறி வைச்சுக் கோட்டாத் தைச்சுத் தா. காவலுக்குப் போகேக்க போடலாம்," என்றார். நெல் குடலையாகி, கதிர் தள்ள நின்ற நேரம். பன்றிக் காவலுக்கு வயலில் படுத்தால் விடியப்புறம் பனி எலும்பைத் தொடும். மறுத்துச் சொல்ல அவளுக்கு நியாயம் ஒன்றும் இருக்கவில்லை.

விமலேஸ்வரி சீதனமாக வந்த கைமெசினில் ஊராருக்குச் சட்டை தைப்பவள். ஆனால் இந்தத் துணி அவள் அறிந்த துணி அல்ல. நடுவே சோக்குக் கோடு போட்டு வெட்டியதும் இரண்டு கரையும் வெற்றிலைபோலச் சுருண்டன. மெசினில் வைத்தால் நீண்டு அலை அலையாக வந்தது. பிரித்தாள், திரும்பத் தைத்தாள், திரும்பவும் பிரித்தாள். பிறகு கரைக்குப் பழைய பருத்திச் சேலையில் கிழித்த பட்டியை நூலோட்டிப் பிடித்து, அடியில் பத்திரிகைத் தாளை வைத்துத் தைத்து, தாளைக் கிழித்தெடுத்தாள். கரை நேராக நின்றது.

இனி அளவு. மாமாவுக்குத் தோள் முழங்கைப் பக்கம் வழிந்தது. கையைக் கழற்றித் தோளை வெட்டி மறுபடி பொருத்த வேண்டும். மாமாவோ பகலெல்லாம் வாய்க்காலில் நின்றார். அவருடைய பழைய சேட் ஒன்றை விரித்து அளவெடுத்தாள். துணி இழுபடுகிறபடியால் அந்த அளவை நம்ப முடியவில்லை. குண்டூசி குத்திவிட்டுத் தானே போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். கொஞ்சம் பிடித்தாள். அடுத்த நாளும் போட்டாள், இடுப்பில் இன்னும் கொஞ்சம் பிடித்தாள். கையின் நீளத்தைக் குறைத்து, இழுபடும் பட்டியைத் திரும்ப வைத்துத் தைத்தாள். யாருக்காகப் பிடிக்கிறோம் என்று கேட்க ஒருவரும் இல்லை. அவளும் தன்னைக் கேட்கவில்லை.

தெறி பூட்டி முடித்த அன்று மாமா போட்டுப் பார்த்தார். ஒரு கை போனது. மறு தோள் ஏறவே இல்லை. மாமி மருமகளை ஏற இறங்கப் பார்த்தா. விமலேஸ்வரிக்கு உடம்பெல்லாம் கூசியது. தெரிந்து செய்தேனா, தெரியாமல் செய்தேனா என்று அவளுக்கே விளங்கவில்லை.

மாமா மெதுவாகக் கையை உருவி எடுத்தார். "எனக்கு இது வேர்க்கும் பிள்ளை. போர்க்கச் சாக்குப் போதும். நீ போடு," என்றார்.

மார்கழி விடியலில் அதைப் போட்டுக்கொண்டு அவள் வயலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். தோளும் இடுப்பும் அளந்து வார்த்ததுபோல இருந்தன. பக்கத்து வளவு வீட்டு இராசமலர் நின்று தொட்டுப் பார்த்தாள். குளிர் தேசத்தில் சமைக்கிற குசினி வீட்டுக்குள்ளேயோ வெளியேயோ என்று விமலேஸ்வரி ஒருநாள் அவளிடம் கேட்டாள். தனக்கெப்படித் தெரியும் என்று இராசமலர் சிரித்தாள்.

மாசி பிறந்ததும் தில்லைநாதன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். காலை மெயில் ரயிலில் இறங்கி முதல் பஸ் பிடித்து வந்திருந்தான். கிணற்றடியில் அந்தக் கோட்டோடு நின்ற மனைவியைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்தான்.

"நல்லாயிருக்குது. எங்க வாங்கினீர்?"

பகிடி விடுகிறானோ, விளையாட்டாகக் கேட்கிறானோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். பகிடி இல்லை. உள்ளே போனவன் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மணிக்கூடு எங்கே என்று தகப்பனிடம் கேட்டான். எந்த மணிக்கூடு என்று அவர் திருப்பிக் கேட்டார். கார்த்திகையில் அனுப்பிய சுவர் மணிக்கூடு, கண்ணாடி உடையாமல் இருக்கத் தடித்த சட்டை ஒன்றால் சுற்றிக் கட்டியிருந்தேன் என்றான் அவன்.

வந்த வழியில் யாரோ மணிக்கூட்டை எடுத்துவிட்டு, சுற்றியிருந்ததை மட்டும் திருப்பிக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். பல கை மாறி வந்த பொருள். யாரைப் போய்க் கேட்பது?

மாமா மருமகளைக் காட்டி, "வந்தது இதுதான்," என்றார்.

தில்லைநாதன் கிட்டே வந்து கோட்டின் கரையைப் புரட்டிப் பார்த்தான். கப்பலை விட்டுப் போன ஒருவன் கட்டிலில் போட்டுவிட்டுப் போன உடுப்பு அது, தன்னுடையதுகூட இல்லை என்றான்.

"அப்ப இது ஆருக்கு அனுப்பினது?" என்று விமலேஸ்வரி கேட்டாள்.

"ஒருத்தருக்குமில்லை."

மாமாவும் மாமியும் முற்றத்துக்குப் போனபிறகு அவள் சொன்னாள். "என்னைக் கூட்டிக்கொண்டு போகப்போறீங்கள் எண்டு நினைச்சன்."

"எங்கை?"

"தெரியாது. குளிர் உள்ள இடத்துக்கு."

கப்பலில் பெண்சாதிமாரை ஏற்றமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. கோட்டின் கையைத் தோளோடு அவள் பொருத்தியிருந்த தையலை விரலால் தடவினான். "இதை நீரே தைச்சனீர்?" என்றான். அவள் ஓம் என்றாள். அவன் வெகுநேரம் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பங்குனியில் அவன் திரும்பிப் போகும்போது அவளையும் மாமாவையும் கொழும்புவரை கூட்டிப்போனான். காலிமுகத்திடலில் நின்று, தூரத்தே கடலில் நின்ற கப்பல்களைக் காட்டி, அவற்றில் எது தன்னுடையது என்று சொன்னான். அவளுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. வெயில் கொளுத்தியது. சேலைக்கு மேல் கையில் மடித்துப் போட்டிருந்த சாம்பல் கோட் வேர்வையில் ஈரமாகியிருந்தது. அதை ஏன் கொண்டுவந்தாய் என்று மாமா கேட்கவில்லை. தில்லைநாதன் அதைத் தன் கைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, இன்னொரு தரம் தன் கப்பலைக் காட்டினான்.