வால்வை மட்டும் மூடுவார்களாம்

மூன்றாவது முறையாக என் கணவரின் மண்டைக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறது. இரண்டு முறை துளை போட்டு வடித்தாயிற்று. வடித்த இடத்திலேயே மறுபடி ஊறுகிறது. வலது கை துவண்டுவிட்டது. டம்ளரைப் பிடித்தால் பாதித் தண்ணீர் சட்டையில். பிடிவாதம் மட்டும் குறையவேயில்லை.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். மூளையை மூடியிருக்கும் உறைக்கு ஒரு தமனி ரத்தம் கொண்டுபோகிறதாம். தேங்கிய ரத்தத்தைச் சுற்றி வளர்ந்த சவ்வு அதில் குடித்துக் குடித்துத்தான் கசிகிறதாம். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, அந்தத் தமனியைப் பசையால் அடைத்துவிட்டால், ஊறுவது நின்று மிச்சம் மெல்ல வற்றிவிடும். மண்டையைத் திறக்க வேண்டாம்.

நான் கும்பிடாத குறை. இவர் பிளம்பர் ஆயிற்றே, வாயைத் திறந்தார்.

"கசியற இடத்தை என்ன பண்ணுவீங்க?"

"அதைத் தொடவே மாட்டோம். ரத்தம் வர்ற வழியை மட்டும் அடைப்போம்."

"வால்வை மூடிட்டு, கசிவை அப்படியே விட்டுட்டு வர்றவன் பிளம்பரே இல்லம்மா. அது ஏமாத்து வேலை. எனக்கு வேண்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலமெல்லாம் பைப்போடு குடித்தனம் நடத்தியவருக்குத் தன் தலையும் ஒரு பாத்ரூம்தான் போல. வீட்டில் கெஞ்சினேன், திட்டினேன், மகளைப் போனில் பேச வைத்தேன்.

"தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்துன்னு சொல்றாங்கப்பா," என்று அழுதாள்.

"உங்கம்மா சொல்லிக் கொடுத்தாளா?" என்றார்.

மறுநாள் துணி எடுக்கப் பின்னறைக்குப் போனபோதுதான் அந்தச் சுவர் கண்ணில் பட்டது. மகள் சின்னவளாக இருந்தபோது ஊறி ஊறிப் பூஞ்சை பிடித்துக் கிடந்த சுவர். உள்ளே எங்கோ பைப் கசிவு. உடைத்தால் அவள் கட்டில் மேல் சரிந்துவிடுமென்று பயந்து, இவரே அந்த லைனின் வால்வை மூடிவிட்டார். சுவர் தானாகக் காய்ந்தது.

இவரை இழுத்து வந்து சுவர் முன்னால் நிறுத்தினேன்.

"இதுல கசிவை அடைச்சீங்களா?"

"இல்ல."

"சுவர் காஞ்சுதா இல்லையா?"

தொட்டுப் பார்த்தார். "இது நம்ம வீடு. பிள்ளை படுத்திருந்தா, வேற வழியில்லாம செஞ்சேன். அடுத்தவங்க வீட்ல செய்ய மாட்டேன்."

"அப்ப உங்க தலை யாரு வீடுங்க?"

குனிந்து, சுவரடியில் இருந்த அந்த வால்வு இன்னும் இறுக்கமாக இருக்கிறதா என்று திருகப் போனார். வலது கை வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வரேன்னு சொல்லு," என்றார்.

"இதை நேத்து அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

கத்திக்கொண்டேதான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை இறுக்கிப் பிடித்தேன். அவரும் இறுக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொரு கையால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.