குரல் கொடுத்துவிட்டுத் திறக்கவும்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. மருத்துவக் கருவிகளை வடிவமைக்கும் தோழி ஒருத்தி என் மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்துவிட்டு டீ போட அடுப்படிக்குப் போனாள். டீ கொதிப்பதற்குள் நான் இரண்டையும் பலமுறை திறந்து மூடிவிட்டேன். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஒன்று, பழைய ஸ்பெகுலம். பெண்ணின் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பதற்காக உள்வழியை விலக்கிப் பிடிக்கும் எஃகுக் கருவி. வாத்தின் அலகு மாதிரி இரண்டு தகடு, கீழே கைப்பிடி, பக்கத்தில் திருகாணி. ஏறக்குறைய நூற்றைம்பது வருடமாக இதன் உருவம் பெரிதாக மாறவில்லை. இன்னொன்று, தோழி செய்து பார்த்துக்கொண்டிருக்கும் புதியது.

இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். கட்டுரைக்கு எடுத்துக்காட்டு வேண்டும். 'செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூர் போகும் வழியில் ஒரு கிராமம். அங்கே ஜெயக்கொடி என்றொரு பெண். வயது நாற்பத்து நான்கு. கறவை மாடு இரண்டு' என்று எழுதினேன். மாடுகள் ஏன் வந்தன என்று அப்போது தெரியாது. அடுத்த வரியில் அவளைப் பரிசோதனைக்குப் படுக்கவைத்தேன்.

அவள் எழுந்து போய்விட்டாள்.

எடுத்துக்காட்டே எழுந்து போனபின் கட்டுரை எப்படி நிற்கும்? ஆகவே, கதை.

2

போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. சில வாரங்களாக, தீட்டு இல்லாத நாளிலும் ஜெயக்கொடியின் துணியில் கறை படுகிறது. கிராமச் செவிலியர் அமலாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். சாதாரணப் புண்ணாக இருக்கலாம். புற்றின் தொடக்கமாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். பார்ப்பதற்குத்தான் அவள் சம்மதிக்கவில்லை.

[ஒரு விளக்கம், அவசரமில்லாதவர்களுக்கு: கர்ப்பப்பை வாய்ப் புற்று ஒரே நாளில் வந்து உட்காருவதில்லை. செல்கள் மாறத் தொடங்கி அது புற்றாக முற்றப் பல வருடம் பிடிக்கும். புளித்த காடி போன்ற ஒரு திரவத்தை அங்கே தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறியிருக்கும் இடம் பெரும்பாலும் வெளுத்துத் தெரியும். அந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் சின்னச் சிகிச்சை போதும். இவ்வளவு பெரிய நோய்க்கு இவ்வளவு எளிய சோதனை! எழுதும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஜெயக்கொடிக்கு இல்லை.]

3

அவள் எழுந்து போன காட்சியை எப்படித் தொடங்குவது?

'நடுங்கும் கைகளோடு ஜெயக்கொடி' —

வேண்டாம். காலையும் மாலையும் இரண்டு மாடு கறக்கும் கை நடுங்காது.

'ராஜகிரி மலைக்கோட்டையின் மேல் கருமேகம் கவிந்திருந்தபோது' —

கோட்டைக்கு இங்கே வேலை இல்லை. மேகத்துக்கும் இல்லை.

'பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. திரைக்குப் பின்னால் மேசைமேல் படுத்த ஜெயக்கொடி, வெட்கம் தாங்காமல் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியேறினாள்.'

இது பரவாயில்லை என்று நினைத்து அவளுக்கே படித்துக் காட்டினேன். (எழுதுகிறவர்களுக்கு இந்த வசதி உண்டு.)

"வெக்கமா? மூணு புள்ள பெத்தவளுக்கு இன்னா வெக்கம்?" என்றாள் ஜெயக்கொடி. "அங்க ஏது மேசை? பசங்க உக்கார்ற பெஞ்சு ரெண்டை ஒட்டிப் போட்டு வெச்சிருந்தாங்க."

பெஞ்சு என்றதும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. பழைய கருவியின் கைப்பிடி கீழ்நோக்கி இருக்கும். பரிசோதனை மேசை என்றால் பெண் அதன் விளிம்புக்கு நகர்ந்து படுப்பாள். கைப்பிடி அந்தரத்தில் தொங்கும். பெஞ்சின் நடுவில் படுத்தால் கைப்பிடி பலகையில் இடிக்கும். இடிக்காமலிருக்கக் கருவியையே மேலே தூக்குவார்கள். தூக்கினால் மேல்தகடு முன்பக்க எலும்பில் போய் அழுத்தும். உயிர் போகிற வலி அங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. அந்த வழி ஒரு குகை மாதிரித் திறந்து கிடப்பதில்லை. மடித்து வைத்த துணிப்பை மாதிரி, சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். இரண்டு தகடு மேலும் கீழும் விலகும்போது பக்கச் சுவர்கள் நடுவே சரிந்து பார்வையை மறைக்கும். பார்க்கிறவர் இன்னும் கொஞ்சம் திருகுவார். கர்ரக், கர்ரக். தேவை அகலம் அல்ல, பக்கத்துக்கு ஒரு தாங்கல். அது இல்லாததால் அகலத்தைக் கூட்டிக் கூட்டி ஈடுகட்டுகிறார்கள்.

ஜெயக்கொடி கொட்டாவி விட்டாள். "நீ சொல்றதெல்லாம் சரிதான். ஆனா நான் எழுந்தது வலிக்காக இல்ல."

4

பால் கறக்கும் நேரம் பார்த்து அமலா வந்தாள். கன்று முட்டிக்கொண்டிருக்க, மடியில் கைவைத்தபிறகு ஜெயக்கொடியால் எங்கும் ஓட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னாக்கா, முகாம்ல பாதியில எழுந்து வந்துட்டியாமே? நான் அந்தப் பக்கம் மாத்திரை குடுத்துட்டுத் திரும்பறதுக்குள்ள ஆளக் காணோம்."

"வந்துட்டேன். இப்ப இன்னான்ற?"

"பயமா?"

"எனக்கா? செனைமாடு கெணத்துல வுழுந்தப்ப கயிறு கட்டிகினு எறங்கனவ நானு. ஊருல இருந்த ஆம்பளைங்க மேல நின்னுகினு யோசனை சொன்னாங்க."

"அப்பறம் இன்னாதான் உனுக்குக் கேடு?"

பால் சர் சர் என்று குவளையில் விழுந்துகொண்டிருந்தது. ஜெயக்கொடி திரும்பாமலே பேசினாள்.

"மாட்டுக்குச் செனை ஊசி போட விநாயகம் வராரே, பாத்துகிறியா? வாசல்லியே 'ஏ, லட்சுமி'ன்னு ஒரு கொரல் குடுப்பாரு. அப்பறம் முதுகுல கை வெச்சி, அந்தக் கைய எடுக்காமயே பின்னாடி போவாரு. மாட்டுக்குப் பின்னாடி கொரல் குடுக்காம யாரும் போவமாட்டாங்க. போனா ஒதைதான். அங்க எனக்கு யாரு கொரல் குடுத்தாங்க? பேரு கூடக் கேக்கல. திடீர்னு சில்லுனு ஒரு இரும்பு. பல்லக் கடிச்சிக்கோன்னாங்க. கடிச்சிருப்பேன். யாரக் கடிக்கறதுன்னுதான் யோசிச்சேன்."

அமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒதைக்காம வந்தியே, அந்தமட்டும் புண்ணியம்."

"சிரிக்காத. மனுசிக்கு மரியாத கேக்கல. மாட்டுக்குக் குடுக்கறதையாவது குடுன்றேன்."

அமலா சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

5

(மாடுகள் எதற்கு வந்தன என்று இப்போது தெரிகிறது. தோழியின் வரைபடத்தில் உலோகத்தின் குளிர்ச்சி, திருகாணியின் சத்தம், கைப்பிடி எல்லாவற்றுக்கும் தீர்வு இருந்தது. குரலுக்கு இடமே இல்லை. என் முதல் பகுதியிலும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் நேராகப் படுக்கவைத்தேன் அல்லவா?)

அமலா பையிலிருந்து என் தோழியின் புதிய கருவியை எடுத்தாள்.

"கையக் கழுவிகினு தொடுக்கா. இது காட்டறதுக்கு. உனுக்குன்னா உறை பிரிக்காத புதுசு."

ஜெயக்கொடி கழுவிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மூடியிருக்கும்போது கட்டைவிரல் பருமன். மேலே மெத்தென்ற உறை. கைப்பிடி இல்லை, பெஞ்சோ பாயோ, எதில் படுத்தாலும் இடிக்காது. அடியில் ஒரு வளையம். அதைத் திருப்பினாள். தகடு இரண்டு அல்ல, நான்கு இதழ், நாலாபக்கமும் சத்தமில்லாமல் விரிந்தன. பக்கச் சுவரையும் தாங்குவதால் அதிகம் விரிய வேண்டியதில்லை. திருப்பினாள், மூடினாள், மறுபடி திருப்பினாள். கன்று பொறுமையிழந்து கத்தியது. (நானும் என் மேசையில் இப்படித்தான் இருந்தேன்.)

"இத நானே வெச்சிக்கலாமா?"

"நீயே வெக்கலாம். வளையத்தையும் நீயே திருப்பலாம். எங்க போதும்னு தோணுதோ அங்க நிறுத்திக்கோ."

"நான் நிறுத்திட்டா உனுக்கு உள்ள தெரியுமா?"

"தெரியலன்னா கேப்பேன். நீ திருப்பலன்னா அவ்ளோதான், அதோட வுட்டுடுவேன்."

ஜெயக்கொடி அதைத் திருப்பிக் கொடுத்தாள். "பொருளு நல்லாதான் இருக்குது. ஆனா இதுக்கு வாயி இருக்குதா?"

"எனக்கு இருக்குதுக்கா."

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: வெள்ளை எதுவும் இல்லை. சின்னப் புண். மருந்தில் ஆறிவிடும். மாலைப் பாலுக்கு வீட்டில் இருப்பாள்.

இரண்டு: ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆரம்பம்தான், பிழைத்துக்கொள்வாள். ஆனால் புற்று என்ற அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அவள் பஸ்ஸில் போகும் தூரத்தை நான் எழுத வேண்டும்.

மூன்று: செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தீவனம் வாங்கிக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பி —

மூன்றாவதை அடித்துவிட்டேன். ஏனென்றால் அவள் வந்துவிட்டாள். செஞ்சியில் அமலா வேலை பார்க்கும் சுகாதார நிலையத்தில், பச்சைத் திரைக்குப் பின்னால் படுத்திருக்கிறாள். அவளாகவே ஏறிப் படுத்தாள்.

"ஜெயக்கொடிக்கா, அமலா வரேன்."

"வா."

"முட்டியில கை வெக்கறேன்."

"ம்."

"இந்தா, உங்கையில குடுக்கறேன். மெதுவா. மூச்ச விடு. அவசரமில்ல."

வளையம் திரும்பும் சத்தம் இல்லை; இல்லாமலிருக்கத்தானே அப்படிச் செய்தார்கள்.

"போதும்," என்றது ஜெயக்கொடியின் குரல்.

"இன்னும் ஒரு துளி முடியுமாக்கா? கொஞ்சம் மறைக்குது."

அமலா காத்திருந்தாள். கை நீட்டவில்லை.

"...இப்ப?"

"தெரியுது. நல்லாத் தெரியுது. மருந்து தடவறேன், லேசா எரியும். ஒரு நிமிஷம் அப்படியே இருக்கணும்."

இந்த ஒரு நிமிடம்தான் எனக்குக் கிடைத்தது. வெளுக்கச் செய்யலாம், செய்யாமல் விடலாம். பேனா என் கையில் இருக்கிறது. திரை ஓரமாக எட்டிப்பார்க்க இரண்டடி முன்னால் போகிறேன். நீங்களும் வருகிறீர்கள்.

"அமலா."

"இன்னாக்கா, எரியுதா?"

"அது கெடக்குது. தெரைக்கு அந்தாண்ட யாரோ நிக்கறாப்ல இருக்குது."

"கத எழுதறவங்க. படிக்கறவங்களும் வந்துகிறாங்கபோல."

"அவங்களுக்கு இன்னாவாம்?"

"வெள்ளையாச்சா இல்லியான்னு தெரியணுமாம்."

"மொதல்ல எனக்குச் சொல்லு. அவங்களப் போவச் சொல்லு."

நிமிடம் இன்னும் முடியவில்லை. வாருங்கள், நான் முன்னால் நடக்கிறேன். கடைசியாக வருகிறவர் நீங்கள்தான். கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள்.