பெண்கள் பக்கத்துக் கேமரா

கரீப் வீட்டுக் கல்யாணத்தில், மணப்பெண்ணின் அத்தை, இறந்து பதினோரு வருடமானவர், ஏழு படங்களில் விழுந்திருந்தார்; அவற்றில் இரண்டில் கண்ணை மூடியிருந்தார். மற்ற ஐந்தும் பழுதில்லை. எடுத்தவள் வனீசா. திரிபோலி நகரத்தில் பெண்கள் பக்கத்துக் கல்யாணப் படம் என்றால் பதினான்கு வருடமாக அவள்தான். ஆண்களுக்குத் தெருவில் பந்தல், பெண்களுக்கு மண்டபம் என்று பிரிந்து நடக்கிற ஊரில், ஆண் நிழல் விழாத அந்த மண்டபத்துக்குள் கேமராவோடு நுழைய ஒரு பெண்தான் வேண்டும். கதவு சாத்தியதும் போர்வைகள் கழன்றுவிடும், கூந்தல் அவிழ்ந்துவிடும். வருடமெல்லாம் பெட்டிக்குள் கிடந்த பட்டும் பொன்னும் அந்த ஒரு பிற்பகல்தான் வெளியே வந்து மூச்சுவிடும்.

அந்தப் படங்களை எடுத்த புதுக் கேமரா அவள் கைக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நாட்டின் மேல் உலக நாடுகள் போட்டிருந்த தடை நீங்கிய மறு வருடம், தம்பி சாலிம் மால்ட்டாவிலிருந்து கப்பலில் வந்தபோது துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். வனீசாவுக்கு முதலில் அதைப் பிடிக்கவில்லை. கையில் எடுத்தால் காலி டப்பா போல இருந்தது. பழைய கேமரா அழுத்தியதும் ‘கடக்’ என்று ஒரு சத்தம் போடும். அதற்குப் பயந்தே பெண்கள் மூச்சைப் பிடித்து அழகாக நிற்பார்கள். இது சத்தமே போடாது. அழுத்தினால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் காகிதம் புரட்டுகிற சர்க்கார் குமாஸ்தா போலக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். அதற்குள் சிரிப்பு ஆறிப்போகும். பேட்டரியோ, மணப்பெண் மேடையேறும்போது பார்த்து உயிரை விடும். ஆனால் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை இருந்தது. எடுத்த படம் எடுத்த நொடியில் அதில் தெரியும் என்று பெண்கள் தெரிந்துகொண்டதும் கரீப் வீட்டு ஆட்டபாட்டம் பாதியில் நின்றுவிட்டது. எல்லோரும் திரையைச் சுற்றி மொய்த்துக்கொண்டு, “அழிடி அதை, எனக்கு ரெண்டு தாடை தெரியுது” என்று கூச்சல் போட்டார்கள். அப்படி அழிக்கப் போன படம் ஒன்றில்தான் அத்தை மஹ்பூபா நின்றிருந்தார், மணப்பெண்ணின் தோளில் கைபோட்டுக்கொண்டு.

மணப்பெண்ணின் தாய் திரையை மூன்று முறை துடைத்துப் பார்த்தாள். பிறகு, “செத்தும் முன்வரிசையை விடலை பாரு என் நாத்தனார்” என்று சொல்லிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மேளக்காரப் பெண்களின் தலைவி ஹாஜ்ஜா கம்ரா மட்டும் பதறவில்லை. மேளத்தைத் தொடையிலிருந்து இறக்காமலே விளக்கம் சொன்னாள். “அவங்க எப்பவும்தான் வந்துக்கிட்டிருந்தாங்க. இத்தனை வருஷம் பிலிமை யாருகிட்ட குடுத்தீங்க? ஒரு ஆம்பளைகிட்ட. குடும்பத்துப் பொம்பளை தலைமூடாம அவன் கண்ணுல போய் நிப்பாளா? இப்பத்தான் படம் நம்ம கையிலயே பொறந்து நம்ம கையிலயே நிக்குது. வந்துட்டாங்க.”

அதில் உண்மை இருந்தது. பிலிம் காலத்தில் வனீசா சுருள்களை ஹாஜ் ஸ்வேசி கடையில்தான் கழுவக் கொடுத்தாள். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அதுதான் அவர் தொழிலுக்கு மூலதனம். துனிஸ் போய் ஆபரேஷன் செய்து ஒரு கண் தெளிந்து வந்த மாதமே அவருடைய வாடிக்கை பாதியாகிவிட்டது. இந்தக் கேமராவுக்கு அந்த வில்லங்கம் இல்லை. நகம் அளவு கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் தாயிடம் கொடுத்துவிடலாம். அவள் அதைப் பொன்னோடு சேர்த்துப் பூட்டிவிடுவாள்.

அந்தக் கோடையில் நகரத்தின் இறந்த பெண்கள் ஒருவர் விடாமல் கல்யாணத்துக்கு வந்தார்கள். சொந்தக் குடும்பத்துக் கல்யாணத்துக்கு மட்டும்தான். அழையாத வீட்டுக்கு அவர்களும் போவதில்லை. கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள், கேமராவின் துவாரம் வழியாகப் பார்த்தாலும் தெரிய மாட்டார்கள், திரையில் மட்டும்தான் தெரிவார்கள். உயிரோடிருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிற படத்தில் அவர்கள் மட்டும் நேராகக் கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆடுகிற வட்டத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விழும். யாரும் அதை மிதிப்பதில்லை. பொத்தானை அழுத்திப் படம் விழுவதற்குள் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், வனீசாவின் பிடரியில் ஈரத்துணி பட்டதுபோலச் சில்லிடும். வீட்டில் அவள் உடை மாற்றும்போது கேமராவைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். சில நாள் கேமராப் பைக்குள் வளையல் சத்தம் கேட்டது. பள்ளிவாசல் ஷேக்கிடம் விஷயம் போனபோது, படத்தைப் பார்த்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும் என்றார். நீங்கள் பார்க்கக் கூடாது என்பதுதானே விஷயமே என்று பெண்கள் சொன்னார்கள். அத்தோடு அவரும் விட்டுவிட்டார்.

ஒரு வீட்டில் மட்டும் கெட்டுப்போயிற்று. மணப்பெண்ணின் அண்ணன் பூட்டை உடைத்துக் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். அவன் பார்த்தபோது உயிரோடிருப்பவர்கள் மட்டுமே இருந்தார்கள். அதற்குப்பின் அந்த வீட்டுக் கல்யாணம் எதிலும் இறந்தவர்கள் வரவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் மறுபடியும் மூன்று நாள் துக்கம் காத்தார்கள்.

வனீசாவுக்கும் ஒருத்தி வரவேண்டியிருந்தது. மகள் ஹனியா ஆறு வருடத்துக்கு முன், பதினேழு வயதில், மூளைக் காய்ச்சலில், ஒரு வியாழக்கிழமை காலையில் போனாள். வழக்கப்படி அன்று மாலைக்குள் அடக்கம் முடிந்தது. தகப்பன் மீலூத் அப்போது தெற்கே பாலைவனத்தில் எண்ணெய் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். செய்தி போய் அவர் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். மண்ணைத்தான் பார்த்தார். ஊருக்கெல்லாம் படம் எடுத்தவள் தன் மகளை ஒரு படம் எடுத்து வைக்கவில்லை; வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கதைதான். கல்யாணத்துக்கு எடுக்கலாம் என்று இருந்துவிட்டாள். பள்ளி அட்டையில் இருந்த ஒரே படமும் மீலூதின் சட்டைப்பையிலேயே கிடந்து, துவைப்பில் வெளுத்துப்போயிற்று. அந்த வெள்ளை அட்டையை அவர் இன்னமும் வைத்திருந்தார்.

இலையுதிர் காலத்தில் சாலிமின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வனீசா அன்று முந்நூறு படம் எடுத்தாள். எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாததால் குருட்டாம்போக்கில் மூலைமுடுக்கெல்லாம் எடுத்தாள். இருநூற்றுப் பதினோராவது படத்தில் ஹனியா இருந்தாள். வனீசாவின் இறந்துபோன தாய்க்கும் பெரியம்மாக்களுக்கும் நடுவில், பாதாம் தட்டை ஏந்திக்கொண்டு, பெருநாளுக்கு எடுத்த நீலச் சட்டையில். வயது கூடவில்லை. வனீசா சமையல் கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் திரையை முத்தமிட்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இனி அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது என்பதுதான் பயம்.

வீட்டுக்கு வந்தபோது மீலூத் வாசலில் நின்றிருந்தார்.

“வந்தாளா?”

“வந்தா. எங்கம்மாவோட நின்னா.”

“காட்டு.”

“முடியாதுங்க. எங்க பெரியம்மாங்கல்லாம் தலைமூடாம நிக்கிறாங்க.”

“பெத்த பொண்ணைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?”

“பொண்ணைப் பார்க்கலாம். பக்கத்துல நிக்கிறவங்க உங்களுக்கு என்ன முறை?”

“கையை வெச்சு மறைச்சுட்டுக் காட்டேன்.”

“செத்தவங்க மானத்தை என் ஒரு உள்ளங்கையில மறைக்கச் சொல்றீங்களா? அந்த வீட்டுல நடந்தது தெரியும்ல? நீங்க ஒரு தடவை பார்த்தா, நான் ஒரு தடவையும் பார்க்க முடியாது.”

அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். கம்ப்யூட்டரில் மற்றவர்களை வெட்டிவிடலாம் என்று சாலிம் சொன்னான். வெட்டுவதற்கு அவன் பார்த்தாக வேண்டும், படத்தில் அவனுக்கு முறையில்லாத பெண்களும் நின்றார்கள்; வனீசாவுக்கோ வெட்டத் தெரியாது. குளிர்காலம் முழுக்க மீலூத் கேமரா இருக்கிற அறைக்குள் போகாமலே இருந்தார். ஒரு நாள் காலையில் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு, “அவ முகம் எனக்கு மறந்துபோச்சு வனீசா” என்றார். “பேரு இருக்கு. குரல் இருக்கு. இருமுறதுகூடக் காதுல கேக்குது. முகம் இருக்க வேண்டிய இடத்துல அந்த வெள்ளை அட்டைதான் நிக்குது.” தேநீர் ஆறி ஏடு படிந்தது.

வசந்தத்தில் தங்கை நுவாராவின் மகனுக்குக் கல்யாணம். பிற்பகல் மண்டபம் நிறைந்து, ஹாஜ்ஜா கம்ராவின் மேளம் உச்சத்தில் இருந்தது. குலவைச் சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. வட்டத்தில் இடைவெளிகள் விழுந்திருந்தன. வனீசா எண்ணிப் பார்த்தாள், பதினொன்று. அவள் வாசல் பக்கமாகப் போய் நின்று, தொண்டையைச் செருமி, உரக்க, “யா சாத்திர்!” என்று குரல் கொடுத்தாள். ‘மறைப்பவனே’ என்று இறைவனை அழைக்கிற அந்தச் சொல், வெளி ஆண் ஒருவன் பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் கால்வைக்கும் முன் சொல்வது. கேட்டவுடன் மூடிக்கொள்ள வேண்டும். பெண் வாயிலிருந்து அது வந்து யாரும் கேட்டதில்லை. ஆனாலும் பழக்கம் முந்திக்கொண்டது. இருநூறு பெண்கள் அலறியடித்து ஓடினார்கள். போர்வை கிடைத்தவள் போர்வையை இழுத்தாள், கிடைக்காதவள் மேஜை விரிப்பை உருவினாள். ஒரு கிழவி பலகாரத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

“ஆம்பளை எங்கேக்கா?” என்று நுவாரா ஓடிவந்தாள்.

வனீசா கேமராவைத் தூக்கிக் காட்டினாள். “இதுல. இப்ப எடுக்கிற ஒரு படத்தை மீலூத் பார்க்கப் போறாரு. மூடிக்க வேண்டியவங்க மூடிக்கோங்க.”

“பைத்தியமா உனக்கு? அம்மா இனி வரமாட்டாங்கக்கா! உன் புருஷனுக்காக எல்லாரையும் விரட்டப் போறியா?”

“விரட்டலை. சொல்லிட்டுத்தான் எடுக்கிறேன். திருட்டுத்தனமா எடுத்தாத்தான் தப்பு.”

நுவாரா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மேளம் நின்றுவிட்டது. யாருமில்லாத இடைவெளிகளைப் பார்த்து, வனீசா, “அம்மா, அவருக்கு அவ முகம் மறந்துபோச்சும்மா” என்றாள். அழுத்தினாள். கேமரா வழக்கம்போல யோசித்தது. இந்த முறை ரொம்ப நேரம் யோசித்ததாகப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். பிடரியில் சில்லிட்டது, பிறகு படம் விழுந்தது.

முன்னால் மேஜை விரிப்பும் பலகாரத் தட்டுமாக உயிரோடிருப்பவர்கள். அவர்களுக்குப் பின்னால், இந்த நகரத்துப் பெண்கள் முன்பு தெருவில் இறங்கும்போது உடுத்திய வெள்ளைக் கம்பளிப் போர்வையில், ஒற்றைக் கண் மட்டும் தெரிய, வரிசையாகப் பத்துப் பேர். அவர்கள் நடுவில் ஹனியா மட்டும் தலைமூடாமல், முகம் கழுவிவிட்டு வந்தவள் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் போகிறவர் அவளுக்குத் தகப்பன். அவள் ஏன் மூடிக்கொள்ள வேண்டும்?

மறுநாள் மதியம் மீலூத் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டு உட்கார்ந்தார். திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “முன்பல்லு கோணல் அப்படியே இருக்கு” என்றார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆறு வருடமாக அவர் அழுதிருக்கவில்லை. அழுது முடித்தபின், ஓரத்தில் நின்ற போர்வையின் ஒற்றைக் கண்ணைக் காட்டி, “இது உங்கம்மாதானே?” என்று கேட்டார். மாமியார் மருமகனிடம் மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உயிரோடிருந்தபோதும் அந்த அம்மாளுக்கு அவரைப் பிடிக்காது.

நுவாரா நான்கு மாதம் அக்காவோடு பேசவில்லை. தங்கள் குடும்பத்து அடுத்த கல்யாணத்தின் முதல் படத்திலேயே தாய் கூந்தல் அவிழ்த்து நின்றதைப் பார்த்தபின் ஒரு கூடை பாதாமோடு வந்தாள். இப்போது நகரத்துக் கல்யாணங்களில் கடைசிப் படத்துக்கு முன் யாராவது ஒருத்தி வாசலில் நின்று குரல் கொடுக்கிறாள். அந்த ஒரு படம் தகப்பன்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் மகன்களுக்கும். பெரும்பாலும் வெள்ளைப் போர்வைகள்தான்; ஊடே ஒன்றிரண்டு முகம் திறந்திருக்கும், யாருக்காக என்பது அந்த வீட்டாருக்குத் தெரியும். அவரவர் தங்களுக்குரிய முகத்தைப் பார்த்துவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மீலூத் தன்னுடையதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஹனியாவுக்குத் தாய்மாமன் என்பதால் சாலிமே பிரதி எடுத்துக் கொடுத்தான்; அது உள்ளறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் பார்க்கிறார். அந்த அறையில் வனீசாவைத் தவிர வேறு யாரும் இருப்பதில்லை. பல நேரம் அவளும் இருப்பதில்லை. ஆனாலும் அவர் வாசலில் நின்று தொண்டையைச் செருமி, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.